நோயோடு நர்சிங் சேருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நர்சிங் வகுப்பு தொடங்க ஐந்து வாரம் இருந்தபோது எனக்கு லூபஸ் என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது. சிறுநீரகத்தையும் தொட்டிருந்தது. இப்போது மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போகிற வேலையில் இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது கதவைப் பாதி திறந்து, "மேடம், ஒரு நிமிஷம்" என்று தயங்கித் தயங்கித் தொடங்குவார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

ரிப்போர்ட் வந்து பத்து நாள்தான் ஆகிறது. வகுப்பு அடுத்த மாதம். சேரட்டுமா, விட்டுவிடட்டுமா?

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான் நர்ஸ் ஆக முடியுமா என்பது ஒன்று. அடுத்த மாதமே தொடங்க முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'முடியும்' என்றுதான் பதில் வரும். இரண்டாவதற்கு 'இப்போது வேண்டாம்' என்று வரலாம். இதை அதோடு குழப்பிக்கொண்டு சீட்டையே விட்டுவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவரிடம் "நர்சிங் படிக்கலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன். "படிப்புதானே, தாராளமாகப் படிக்கலாம்" என்றார். அவர் மனதில் மேசையும் நாற்காலியும் புத்தகமும்தான் இருந்திருக்கும். அடுத்த முறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: காலை ஆறரைக்கு வார்டு, ஏழு மணி நேரம் பெரும்பாலும் நின்றபடி, நடுவில் ஒரே ஒரு இடைவேளை, படுக்கை விரிப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, காய்ச்சலும் இருமலுமாக இருப்பவர்கள் பக்கத்திலேயே நிற்பது, இரண்டாம் வருடத்திலிருந்து இரவு வேலை. அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மூன்று மாதம் பொறும்மா" என்றார்.

அந்தத் தாளை நீங்களும் எழுதுங்கள். முதல் வருட அட்டவணையைக் கல்லூரியில் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது.

தள்ளிப்போட்டால் சீட்டு போய்விடாதா?

போகலாம், போகாமலும் இருக்கலாம். சேர்க்கையை அடுத்த ஆண்டுக்கு மாற்றித்தர சில இடங்களில் வழி உண்டு. கேட்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். தொலைபேசியில் யாராவது "பார்த்துக்கலாம்" என்று சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள். கடிதமோ மின்னஞ்சலோ எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எப்போது தள்ளிப்போடுவது நல்லது என்று கேட்டால், என் கணக்கு இது. மருந்தின் அளவு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, அடுத்த மாதம் உடம்பு எப்படி இருக்கும் என்று மருத்துவராலேயே சொல்ல முடியவில்லை என்றால் பொறுங்கள். நோய் பெரியதாக இருந்தாலும் நிலையாக இருந்தால் தொடங்கலாம்.

கல்லூரியில் சொல்ல வேண்டுமா? சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருத்துவப் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள். நோயை மறைத்தது பின்னால் தெரிந்தால் பிரச்சினை உங்கள் உடம்பைப் பற்றியதாக இருக்காது, நேர்மையைப் பற்றியதாகிவிடும். மருந்துப் பெட்டியின் சாவியை ஒப்படைக்கிற தொழில் இது. நேர்மையில் சந்தேகம் வந்துவிட்டால் சரிசெய்வது கஷ்டம்.

அதற்காக எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. நோயின் பெயர் என்ன என்பது வேறு, அதனால் வார்டில் என்ன மாறும் என்பது வேறு. பெயர் கல்லூரியின் மருத்துவருக்கோ உடல்நலப் பிரிவுக்கோ தெரிந்தால் போதும். வார்டில் உங்களைக் கவனிக்கிற ஆசிரியருக்குத் தேவைப்படுவது இப்படி ஒரு கடிதம்: "இவர் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. மாதத்தில் ஒரு நாள் சிகிச்சைக்கு வர வேண்டும். சின்னம்மை, காசநோய் நோயாளிகளின் அறைக்கு இவரை அனுப்ப வேண்டாம்." மூன்றே வரி. 'பலவீனமாக இருப்பதால் கருணை காட்டவும்' என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஆசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மணி நேரம் என்று இருந்தால் நாற்காலி போட்டுக் கொடுப்பேன்.

வசதி கேட்பது சலுகை கேட்பது ஆகாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, நீண்டகால உடல் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கல்வியில் நியாயமான மாற்று ஏற்பாடுகள் செய்துதர வேண்டும் என்கிறது. நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமை விழாத வரை அது பொருந்தும். அதில் கையெழுத்திட்ட நாடுகளே அதிகம்.

அப்புறம், கூடப் படிப்பவர்களில் ஒருவரிடம் மட்டுமாவது முழுசாகச் சொல்லிவையுங்கள். நான் நம்பிச் சொன்னவர் எனக்குத் தெரியாமலேயே என் டூட்டிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாமலே தெரிந்துகொண்ட இன்னொருவர் வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டார். இரண்டும் நடக்கும்.

மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிடுவார்களா?

விதி இடத்துக்கு இடம் மாறும். 'இந்தப் பெயருள்ள நோய் இருந்தால் முடியாது' என்பதைவிட, பார்வை, கேட்கும் திறன், கை வலு, திடீரென நினைவு தப்புமா, தொற்று பரவுமா என்பதைத்தான் நல்ல பரிசோதகர் பார்ப்பார். காது கொஞ்சம் மந்தமாக இருப்பவர்களுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் மின்னணு ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நைட்ரைல் கையுறை இருக்கிறது. 'தகுதி இல்லை' என்று சொன்னால், எந்த விதிப்படி, எந்த வேலையைச் செய்ய முடியாது என்று எழுத்தில் கேளுங்கள்.

எனக்கு ஹெபடைடிஸ் பி. கதை முடிந்ததா?

இல்லை. பிபி பார்ப்பது, ஊசி போடுவது, புண் கட்டுவது போன்ற வேலைகளில் முறைப்படி நடந்துகொண்டால் உங்களிடமிருந்து நோயாளிக்குத் தொற்று போகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. பொதுவாகக் கட்டுப்பாடு வருவது ஒருவகை அறுவைச் சிகிச்சை வேலைகளுக்குத்தான்: கூர்மையான கருவியோடு விரல்கள் உடலுக்குள் போய், விரல் நுனி கண்ணில் படாமல் வேலை நடக்கும் இடங்கள். ரத்தத்தில் வைரஸ் அளவு எவ்வளவு என்பதையும் பார்ப்பார்கள். கல்லீரல் மருத்துவரின் கடிதம் இருந்தால் பேச்சு சுலபமாகும்.

எனக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். வார்டு முழுக்கக் கிருமி இருக்குமே?

இருக்கும். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு.

முதலில் தடுப்பூசி. இதைச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அம்மை வகைத் தடுப்பூசிகளில் உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அதைப் போடக் கூடாது. மருந்து தொடங்குவதற்குக் குறைந்தது 4 வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். அந்தக் காலம் தாண்டிவிட்டால் போடாமல் இருப்பதுதான் வழி. ஏன் போடவில்லை என்று ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அந்த வகையில் சேராது, போடலாம். வழக்கமாக 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. கடைசித் தவணைக்கு 1–2 மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருந்தால்தான் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு ஊசி போட்டும் அளவு ஏறாமல் இருக்கலாம். மூன்று ஊசியும் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாமல் அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். காசநோய்க்குத் தோலில் போடும் சோதனை ஊசியும் உங்களிடம் தவறாக 'இல்லை' என்று காட்டலாம். படித்துச் சொல்பவரிடம் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கை. வார்டில் தொற்று பெரும்பாலும் கையில்தான் பயணிக்கிறது. கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்ததை முதல் வாரத்திலேயே சொல்லித்தருவார்கள். ஆல்கஹால் கரைசலை 20–30 விநாடி தேய்க்க வேண்டும். நின்று எண்ணிப் பாருங்கள், நாம் வழக்கமாகத் தேய்ப்பது எட்டு விநாடிகூட வராது. மற்ற மாணவிகளுக்கு இது தேர்வில் வரும் பதில். உங்களுக்கு அப்படி இல்லை.

மூன்றாவது, காய்ச்சல். கீமோவாலோ வேறு மருந்தாலோ வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் 38 டிகிரி செல்சியஸ் என்பது அவசர நிலை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு டூட்டிக்கு வருவது வீரம் ஆகாது. அப்படி வந்த மாணவி ஒருத்தியை நானே சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் "மேடம், ஆப்சென்ட் போட்டுடாதீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நைட் டூட்டி?

சிலருக்கு வெறும் களைப்பு. சிலருக்கு அதுவே நோயைக் கிளப்பிவிடும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கும் தூக்கக் குறைவு ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்கள் அளவையும் நேரத்தையும் மருத்துவரோடு உட்கார்ந்து புதிதாகத் திட்டமிட வேண்டும். காலையில் சாப்பிடுகிற ஸ்டீராய்டை இரவு வேலை நாளில் எப்போது சாப்பிடுவது என்பதையும் கேட்டுவிடுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

இரவு வேலையே முடியாது என்றால் முதல் மாதமே சொல்லுங்கள். முந்தின நாள் சாயங்காலம் வந்து சொன்னால் உங்களுக்குப் பதிலாகத் தூக்கம் கெடப்போகிறவருக்கு உங்கள்மேல் கோபம் வரும், அதில் நியாயமும் இருக்கும்.

என்னால் நோயாளியைத் தூக்க முடியாதே?

யாராலும் முடியாது, முடியவும் கூடாது. ஒருவர் கையால் தூக்கும் எடை சுமார் 16 கிலோவைத் தாண்டினால் கருவியின் உதவி வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. வளர்ந்த மனிதரின் ஒரு காலே அந்த எடைக்கு நெருங்கிவிடும். சறுக்கு விரிப்பு, இடுப்புப் பட்டை, தூக்கும் கருவி, அதற்கும் மேல் இன்னொரு ஆள். முதுகு போன சீனியர்கள் எத்தனை பேர் என்று எந்த வார்டிலும் கேட்டுப் பாருங்கள்.

செய்முறைக் கூடத்தில் ஒருவர்மேல் ஒருவர் பழகுவார்களாமே?

ஆமாம், இதைக் கேட்டது ஒரே ஒரு மாணவிதான். எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். பிபி பார்ப்பதை முதலில் தோழியின் கையில்தான் பழகுவோம். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (அறுவைச் சிகிச்சையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) வைத்த கையைக் கொடுக்கவே கூடாது. அந்தக் கையில் பிபி பட்டையும் வேண்டாம், ரத்தமும் எடுக்க வேண்டாம், கனமான பையும் வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விரலில் குத்திப் பழகும் நாளன்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வார்டில் வைத்தே சுகர் இறங்கிவிட்டால், மயக்கம் வந்தால்?

கையில் இருப்பதைக் கீழே வையுங்கள், இல்லை பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். உட்காருங்கள். நாற்காலி இல்லையென்றால் தரையில். அப்புறம்தான் விளக்கம். இந்த வரிசை முக்கியம். "இன்னும் இரண்டு பேருக்கு மருந்து கொடுத்துவிட்டு" என்று இழுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் தப்பு நடக்கும், அது உங்கள் உடம்போடு நிற்காது, எதிரே படுத்திருப்பவருக்குப் போகும்.

சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது என்பதை நீங்கள் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள். குளுக்கோஸ் மாத்திரை உங்கள் சீருடைப் பையில் இருக்க வேண்டும். லாக்கரில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். சீருடையில் பை இல்லையா? தைத்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

டயாலிசிஸோ கீமோவோ நடக்கும்போதே படிக்க முடியுமா?

கஷ்டம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடியாது என்று சொல்ல மாட்டேன். ரத்த டயாலிசிஸ் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் போல. அதோடு வாரம் ஆறு நாள் அட்டவணை பொருந்தாது. பகுதி நேரமாகவோ கூடுதல் வருடம் எடுத்தோ படிக்க இடம் இருந்தால் பொருந்தும். இரவில் தூங்கும்போது வயிற்றுவழி இயந்திரம் செய்யும் டயாலிசிஸ் ஒத்துவருமா என்றும் சிறுநீரக மருத்துவரைக் கேட்கலாம்.

கீமோவில் பெரும்பாலான மருந்துகளுக்கு, கொடுத்த 7-லிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த வாரம் வார்டு வேண்டாம். வகுப்பையும் மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்யுங்கள். முடிந்தால் சிகிச்சையை முடித்துவிட்டே சேருங்கள் என்பதுதான் என் கருத்து. ரத்தத்தில் எண்ணிக்கை தேறிவிட்டாலும் களைப்பு மாதக்கணக்கில் பின்னாலேயே வரும்.

விட்டுப்போன நாட்களை எப்படி ஈடுகட்டுவது?

வகுப்பில் விட்ட பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்துப் படித்துவிடலாம். வார்டில் விட்ட மணி நேரத்தை மணி நேரமாகத்தான் திருப்பித் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொது நர்சிங் பயிற்சி குறைந்தது 4600 மணி நேரம், அதில் பாதியாவது நோயாளிகளோடு. மற்ற இடங்களில் எண் மாறும், கணக்கு வைப்பது மாறாது. லாக்புக்கில் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். படுத்துவிட்டால் பிறகு ஆளைத் தேடிப் போவது பெரும்பாடு.

என் நோயே பாடமாக வரும்போது தாங்குவேனா?

எனக்கு அது இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. திரையில் சிறுநீரகத்தின் வெட்டுத் தோற்றம். இளஞ்சிவப்பு வட்டங்கள், நடுவில் கம்பிபோல் தடித்த வளையங்கள். ஆசிரியை அடுத்த படத்துக்குப் போனார்: இத்தனை வருடத்தில் இத்தனை சதவீதம் என்று ஒரு அட்டவணை. முன்வரிசையில் யாரோ "அய்யோ பாவம்" என்றார்கள். நான் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் என் வயதைக் கூட்டிப் பார்த்தேன்.

அந்தக் கூட்டல் தப்பு என்று புரிய நாளானது. அந்த அட்டவணையில் இருந்தவர்கள் பல வருடம் முன்னால், அப்போது இருந்த மருந்துகளோடு வாழ்ந்த ஒரு கூட்டம். தனி ஆளுக்கு நாள் குறிக்க அதற்குத் தெரியாது. என் மருத்துவரிடம் கேட்டபோது, அட்டவணையை விட்டுவிட்டு என் சிறுநீரில் புரதம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பேசத் தொடங்கினார்.

ஆகவே பாடத்திட்டத்தை முன்பே புரட்டி, அந்தப் பாடம் எந்த வாரம் வருகிறது என்று பாருங்கள். வீட்டில் ஒருமுறை தனியாகப் படித்துவிட்டு வகுப்பில் உட்காருங்கள், இல்லை அன்று வெளியே போக அனுமதி கேட்டுவையுங்கள். படிக்கிற நோயெல்லாம் தனக்கு இருப்பதாக நினைப்பது மருத்துவம் படிக்கும் எல்லோருக்கும் வருகிற வியாதி. நமக்கு ஒன்று மட்டும் உண்மையிலேயே இருப்பதால் மற்றவையும் உண்மைபோலத் தோன்றும். நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்க்கும் பழக்கத்தை விட எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அதே நோயோடு ஒரு நோயாளி வந்தால் 'எனக்கும்தான்' என்று சொல்லலாமா?

முதலில் வேண்டாம். சொன்ன நிமிடத்திலிருந்து அவர் உங்களை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். அவருடைய நேரம் உங்களுக்குப் போய்விடும்.

வலிக்கும் தூக்கம் வரவைக்கும் மருந்துக்கும் நடுவில் டூட்டி பார்ப்பது எப்படி?

புதிய மருந்தையோ கூட்டிய அளவையோ டூட்டி இல்லாத நாளில்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். கண் செருகுகிறதா, கை நடுங்குகிறதா, கூட்டல் கழித்தல் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள். மருந்தின் அளவு கணக்கிடும் கணக்குகளில் நாலைப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. தடுமாறினால் மருத்துவரிடம் சொல்லி மாற்று கேளுங்கள். வலியைத் தாங்கிக்கொண்டு மருந்தை நிறுத்துவதும் வழி ஆகாது. ஸ்டீராய்டு என்றால் அதை ஒருநாளும் திடீரென நிறுத்தக் கூடாது, உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும்.

இன்னொன்று. வார்டு அலமாரியிலிருந்து ஒரு மாத்திரைகூட உங்களுக்கென்று எடுக்காதீர்கள்.

வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

என் அம்மா "நோயாளிக்கு நோயாளி சேவையா?" என்றுதான் கேட்டார். பதில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பிறகு மருத்துவர் அறைக்கு அவரையும் கூட்டிப்போய், மேலே சொன்ன தாளை அவர் முன்னாலேயே கொடுத்தேன். அம்மாவின் கேள்விகளை மருத்துவரே வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் அம்மா கேட்டது ஒன்றுதான்: "மூன்று மாதம் கழித்து எந்தத் தேதி?"

பாதியில் முடியாமல் போனால்?

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பெயரை எடுப்பது வேறு, உடல்நலக் காரணத்துக்காக விடுப்பு எடுப்பது வேறு. இரண்டாவதற்கு ஒரு படிவம் இருக்கும். எத்தனை மாதம் வரை விடுப்பு, எத்தனை வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும், கட்டணம் என்ன ஆகும், முடித்த வார்டு மணி நேரம் கணக்கில் நிற்குமா என்று நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவைத்தால் இன்னும் நல்லது.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1855-இல் கிரிமியாவில் கடும் காய்ச்சலில் விழுந்தவர், அதன் பிறகு பல வருடங்கள் பெரும்பாலும் படுக்கையில்தான். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்சிங் பள்ளி திறந்த 1860-இலும் அதே நிலைதான். தினமும் போய் நடத்த உடம்பு இடம் தராததால், வீட்டிலிருந்தே கடிதம் எழுதி மேற்பார்த்தார். விளக்கோடு நடக்கும் படத்தை எல்லாக் கல்லூரியிலும் மாட்டியிருக்கிறார்கள், படுக்கையில் தாளும் பேனாவுமாக இருக்கும் படத்தை யாரும் மாட்டுவதில்லை.

முதல் நாள் பையில் என்ன இருக்க வேண்டும்?

மருந்து, ஒரு நாளுக்குக் கூடுதலாக. தண்ணீர். சரியான அளவில் அழுத்தக் காலுறை, ஆனால் கால் ரத்த ஓட்டத்தில் குறை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு சின்னச் சீட்டு: நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, மயங்கினால் முதலில் செய்ய வேண்டியது, கூப்பிட வேண்டிய இரண்டு பேர். பென்சிலால் எழுதுங்கள். மருந்து மாறும்போது அழித்து எழுத வசதியாக இருக்கும்.